மூணு தலைக்கட்டு, ஒரே வாசல்

மாரியாத்தாளுக்கு வாய் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வாய் ஒன்றுதான். வேலை செய்கிற பவுண்டரியில் மணல் தூசிக்குப் பயந்து எட்டு மணி நேரம் அதைத் துணியால் கட்டி மூடி வைத்திருக்கிறாள். ஷிப்ட் முடிந்து துணியை அவிழ்த்ததும், உள்ளே சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வருகிறது. அந்த நேரத்தில் எதிரே மாட்டுகிறவருக்கு அன்றைக்கு ராசிபலன் சரியில்லை, அவ்வளவுதான்.

அவள் பார்ப்பது கோர் அடிக்கிற வேலை. பம்புக்கு இரும்பு வார்க்கும்போது, உள்ளே தண்ணீர் ஓட வேண்டிய இடம் காலியாக இருக்க வேண்டுமல்லவா? அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்க மணலில் ஓர் உரு செய்து, சூளையில் சுட்டு, அச்சுக்குள் வைப்பார்கள். இரும்பு ஆறியதும் மணலை உதிர்த்துவிடுவார்கள். ஆக, கோயமுத்தூரில் இருந்து போகிற பல பம்புகளின் வயிற்றுக்குள் இருக்கிற காலி இடம் மாரியாத்தாள் செய்தது. இரும்பை எடை போட்டு முதலாளி விற்கிறார். காலி இடத்தை எடை போட இன்னும் தராசு வரவில்லை. அதனால் அவள் சம்பளம் எப்போதும் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பிறந்தது கொடுமுடிப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை விட்டது, அல்லது அவள் அதை விட்டாள். இரண்டு தரப்பும் இதுவரை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கட்டிக்கொண்டு வந்த ஊர் துடியலூருக்கு மேற்கே இருக்கிறது. மாநகராட்சி விழுங்கிப்போட்டு இன்னும் செரிக்காமல் வைத்திருக்கிற ஊர்களில் அதுவும் ஒன்று. கணவர் அங்கப்பன் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மண்டபத்தில் கரண்ட் போனால்கூட, "ஏனுங்க" என்று இருட்டை மரியாதையாகக் கூப்பிட்டுப் பார்க்கிற மனிதர்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் கதிர்வேல் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். இளையவன் கௌதமன் டவுனில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நிற்கிறான். அங்கே உட்காரும் உரிமை சேலை எடுக்க வருகிறவர்களுக்கு மட்டும். கதிர்வேலின் மனைவி லோகப்பிரியா. கௌதமனுக்குப் போன தை மாதம்தான் ஹரிதாவைக் கட்டி வைத்தார்கள். லைன் வீட்டுச் சந்தில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வீட்டுக்குள் ஆறு பேர். புது ஜோடிக்கு அறை. அதற்கு முந்தைய ஜோடிக்கு அறைக்கு முன்னால் ஒரு திரை. மிகப் பழைய ஜோடிக்கு வாசலும் கொசுவும்.

இந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பூவோடு எடுப்பதாக மாரியாத்தாள் நேர்ந்திருந்தாள். பூவோடு என்றால் பெயரில்தான் பூ. கையில் ஏந்துவது நெருப்புச் சட்டி. காரணம் கதிர்வேலின் கால். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில், யாரோ ஒருவருடைய பரோட்டாவைச் சுடச்சுடச் சேர்க்கப் பறந்தபோது விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "கால் நிக்கட்டும் ஆத்தா, நான் பூவோடு எடுக்கறேன்" என்று அங்கேயே, மருந்து வாசத்துக்கு நடுவில், அவள் சத்தமாகவே சொன்னாள். பரோட்டா கேன்சல் ஆனது. கால் ஆகவில்லை. தையல் போட்டு, கம்பி வைத்து, கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் நடக்கிற கால். வேலைக்குக் கிளம்பும் முன் மாரியாத்தாள் தூங்குகிற மகனின் போர்வையை விலக்கி அந்தத் தையலை ஒரு தடவை பார்ப்பாள். "மாடாட்டத் தூங்கறான் பாரு" என்று திட்டிக்கொண்டேதான் பார்ப்பாள். திட்டாமல் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்பது அவளுக்கும் திரைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

கோயிலில் நோம்பி சாட்டி, நாள் குறித்தாயிற்று. வரி வசூலும் வந்தாயிற்று.

அந்த ஊரில் கோயில் வரி தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கட்டிக்கொண்டு வந்த பெண் தலை இல்லை. தலைக்கு உண்டான காசை முந்தானையில் இருந்து அவிழ்த்துத் தருகிற கை மட்டும்தான். அம்மனுக்குப் புதுத்தேர் செய்வதால் இந்த வருஷம் தலைக்கு மூவாயிரம். கௌதமனின் கல்யாண ஆல்பத்தை ஸ்டுடியோக்காரர் இன்னும் கொண்டுவந்து தரவில்லை. அதற்குள் கமிட்டி வந்துவிட்டது.

வந்தவர் மோகன்குமார். கமிட்டியின் பொருளாளர். மெயின் ரோட்டில் மாடி வீடு, பின்னால் பன்னிரண்டு மிஷின் ஓடுகிற லேத் பட்டறை. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். ஒரு கையில் ரசீதுப் புத்தகம், இன்னொரு கையில் ஸ்கேன் பண்ணுகிற அட்டை. அம்மனும் ஆன்லைனுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, மூணு ரசீது போட்டறட்டுங்களா?"

"ஏனுங் தம்பி, போன வருசம் ரெண்டுதானுங்களே?"

"நம்ம கௌதமனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்லீங்க. தலைக்கட்டு மூணு."

"கல்யாணம் ஆனாச் சம்பளம் ஏறிருமுங்களா? ஏறலீங்களே. சோறு திங்கற வாயிதான் ஒண்ணு ஏறியிருக்குது."

உள்ளே ஹரிதா பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. மாரியாத்தாள் உள்பக்கம் திரும்பி, "உன்னையச் சொல்லல அம்மணி, பொதுவாச் சொன்னேன்" என்றாள். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

"செரிங்க தம்பி, உங்கூட்டுக்கு எத்தனை தலைக்கட்டுங்க?"

"ஒண்ணுதானுங்க. பையன் அயர்லாந்துல படிக்கறான். இன்னும் கல்யாணம் ஆகலீங்களே."

"பன்னெண்டு மிஷினு ஓடற ஊட்டுக்கு ஒண்ணு. ஆறு பேரு காலை நீட்டிப் படுக்க எடமில்லாத ஊட்டுக்கு மூணு. நெம்ப நல்லாருக்குதுங்க."

"கணக்கு நான் போட்டதுங்களா? காலங்காலமா இருக்கற மொறைங்க அக்கா. சாமிக்கு முன்னால ஏழை, பணக்காரன்னு இல்ல. எல்லாத்துக்கும் ஒரே வரி." மோகன்குமார் சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். வெயில் வேறு. "என்னையப் பாருங்க. இன்கம் டாக்ஸ் கட்டறேன், ஜிஎஸ்டி கட்டறேன், கார்ப்பரேசனுக்குக் கட்டறேன். என்னைக்காச்சும் சலிச்சிருக்கறனா? நீங்க வரின்னு கட்டறதே வருசத்துக்கு இது ஒண்ணு. இதுக்கும் மூக்கால அழுதா எப்புடிங்க? ஓசி பஸ்ஸு, மாசமானா ஆயிரம் ரூபா, எல்லாம் எங்க வரியில வாரதுதானுங்களே."

மறைமுக வரி என்று ஒரு பாடம் சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து மார்க். பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரும் விட்டுவிடுகிற பாடம். மோகன்குமார் அதை விட்டவர்களில் ஒருவர். மாரியாத்தாள் அந்த வகுப்பு வரைக்கும் போகவே இல்லை. ஆனால் அவள் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். வாய்த்துணி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க தம்பி. நீங்க சோப்பு வாங்கற கடையும் நான் வாங்கற கடையும் ஒண்ணுதானுங்களே? கடைக்காரன் என்னையப் பாத்து, 'அக்கா, நீங்க கோர் அடிக்கறவீங்க, வரியக் கழிச்சுப்போட்டுத் தாரேன்'னு சொல்றானுங்களா? பேஸ்ட்டு, பிஸ்கட்டு, போனுக்குப் போடற ரீசார்ஜு, எல்லாத்துலயும் உங்களுக்கு எத்தனையோ எனக்கும் அத்தனைதான். எம்பட பையன் வண்டிக்கு ஊத்தற பெட்ரோலு அவனுக்குச் சோறு. உங்களுக்கு அது ஊட்டிக்குப் போற செலவு. ரெண்டுக்கும் ஒரே வரி."

"அதில்லீங்க அக்கா..."

"அழுக்கு யாருக்குங்க எச்சு? எனக்கு. உங்க பட்டறையில நீங்க தொடறது ஏசி ரிமோட்டு மட்டுந்தான். அப்ப சோப்பு யாருக்கு எச்சு? எனக்கு. வரி யாருக்கு எச்சு? நீங்க கட்டறது ரசீதுல வருது, பிரேம் போட்டு மாட்டிக்கலாம். நான் கட்டறது சோப்போட கரைஞ்சு சாக்கடைக்குப் போயிருது. கண்ணுக்குத் தெரியலைங்கறதுக்காகக் கட்டவே இல்லைன்னு சொல்லப்படாதுங்க."

மோகன்குமார் ரசீதுப் புத்தகத்தால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். "அதெல்லாம் டெல்லிக்காரங்ககிட்டக் கேளுங்க."

"டெல்லிக்கு ஓசி பஸ் உடலீங்களே. நீங்கதான் எம்பட வாசல்ல வந்து நிக்கறீங்க. உங்களத்தான் கேக்க முடியும்."

இரண்டு வரிக்கு எடுத்து வைத்திருந்ததை அவள் கொடுத்தாள். அங்கப்பனுக்கு ஒன்று, கதிர்வேலுக்கு ஒன்று. மூன்றாவது தர முடியாது என்று சொல்லிவிட்டாள். மோகன்குமார் இரண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நிலுவை இருக்கற ஊட்ல பூவோட்டுக்குப் பேரு எழுத மாட்டோமுங்க அக்கா. அதுவும் மொறைதான். கோவிச்சுக்காதீங்க. நோம்பிக்குள்ள கட்டிருங்க, எழுதிப்போடறேன்."

இதை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய வாய்த்துணியை இழுத்து மறுபடி வாய் மேல் கட்டிக்கொண்டாள். 

அன்று சாயங்காலம் வீட்டில் அதே பேச்சு. "நான் ரெண்டு மூணு நாளைக்குச் சேத்தி ஓட்டி அந்த மூவாயிரத்தைக் கட்டிர்றேன்மா" என்றான் கதிர்வேல்.

"ஓட்டுவ. எந்தக் காலுக்காகப் பூவோடோ அந்தக் காலையே ஓட்டிக் காசு கொண்டாருவ. ஆத்தா சிரிப்பா."

"எம்பட தோடு ரெண்டும் சும்மாதானுங்க அத்தை கெடக்குது" என்றாள் லோகப்பிரியா.

"காதுல கெடக்கறது சும்மா கெடக்கறதா? கெடக்கட்டும்." மாரியாத்தாள் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவில்லை. கடன் வாங்கிக் கட்டிவிடலாம். பவுண்டரியில் அட்வான்ஸ் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார்கள். கட்டினால் அடுத்த வருஷமும் மூன்று. நாளைக்குப் பேரன் பிறந்து தலையெடுத்தால் நான்கு. கட்டாவிட்டால் பூவோடு இல்லை. நேர்ந்ததைச் செய்யாமல் அந்தக் காலை எந்தத் தைரியத்தில் தினமும் பார்ப்பது? ஆத்தாளுக்கும் தனக்கும் நடுவில் இருந்த ஒரு பேச்சில், மோகன்குமார் எப்படி உள்ளே வந்து உட்கார்ந்தார் என்றுதான் அவளுக்கு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். ஆண்களுக்குப் பவானி ஜமக்காளம். பெண்களுக்குத் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நிற்கிற வசதி. கூட்டத்தில் தலைக்கட்டுத்தான் பேச வேண்டும் என்பதால், அங்கப்பனுக்கு வழியெல்லாம் பாடம் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். வாசலுக்கு ஒரு வரி என்று போடுங்கள், இல்லை என்றால் வசதிக்குத் தகுந்த மாதிரிப் போடுங்கள், இவ்வளவுதான் பாடம். அங்கப்பன் எழுந்தார். வேட்டியைச் சரி செய்தார். "ஏனுங்க..." என்றார். மொத்த ஜமக்காளமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

குழாய் பக்கமிருந்து குரல் வந்தது. "அவரு சொல்ல வந்தது என்னன்னாங்க..."

மாரியாத்தாள் சொல்லி முடித்தாள். ஜமக்காளத்தில் சிலர் சிரித்தார்கள். 'மிஷின் எண்ணி வரி போடுவதா, அப்புறம் மாட்டையும் எண்ணுங்கள்' என்று ஒருவர் நக்கலடித்தார். தர்மகர்த்தா வரதராஜுலு கையைத் தூக்கினார். மில்லில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; சங்கு ஊதுவதற்கு முன்பே ஆட்களை அமைதியாக்கிப் பழகிய கை.

"இந்தா பாரு மாரியாத்தா. தலைக்கு ஒரு வரி. அந்தத் தலைக்கு உண்டான மரியாதை. வரி கட்டினவன் வாசல்ல ஆத்தா ஒருக்கா நிப்பா, ஒரு தேங்கா ஒடைப்போம், ஒரு தீவாரதனை. அதுக்கு எச்சும் இல்ல, கொறைச்சலும் இல்ல. மாடி ஊடுன்னு ஆத்தா ரெண்டு தடவை நிக்கறாளா? இல்லையே. தலைக்கு ஒண்ணு. இதுதான் நம்மூரு மொறை. செரிதானுங்களே?"

"செரிதானுங்க" என்றது ஜமக்காளம்.

மாரியாத்தாள் விரல் விட்டு எதையோ எண்ணினாள். அப்போதே ஊர் சுதாரித்திருக்க வேண்டும். ஊர் காபி குடிக்க எழுந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "ஏனுங்க, கதிர்வேலுக்குக் கல்யாணம் ஆனதுக்குப் பொறகு எத்தனை நோம்பி போச்சு?"

"நாலு" என்றார் அங்கப்பன்.

"நாலு நோம்பிக்கும் ரெண்டு ரெண்டு வரி கட்டினோம். ஆத்தா நம்ம வாசல்ல எத்தனை தடவை நின்னா?"

"ஒவ்வொரு நோம்பிக்கும் ஒருக்கா."

"ரெண்டு தலைக்கு ஒருக்காவா?"

அங்கப்பன் நடையை நிறுத்தினார். முகத்தில் மெதுவாக ஏதோ வெளிச்சம் வந்தது. "அப்ப அவங்கதான் நமக்கு..."

"நடங்க. பால் வாங்கோணும்."

அந்த வாரம் முழுவதும் லைன் வீட்டுப் பெண்கள் குடிதண்ணீர் பிடிக்கிற நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். சந்தில் முக்கால்வாசி வீடு இதே கதைதான். ஒரு கதவு, உள்ளே இரண்டு தலைக்கட்டு, மூன்று தலைக்கட்டு. தனி வீடு பார்த்துப் போகக் காசு இருந்தால் போயிருப்பார்கள். போகாத குற்றத்துக்கு வரி மட்டும் தனித்தனி.

நோம்பியன்று காலையில் அம்மன் புறப்பாடு. புதுத்தேர் இன்னும் தச்சரிடம் இருந்ததால் பழைய சப்பரம்தான். தோளில் தூக்க வேண்டும். கோயிலில் கிளம்பி, லைன் வீட்டுச் சந்து வழியாக மெயின் ரோட்டு வீடுகளுக்குப் போய், உச்சிப் பூசைக்குள் கோயிலில் உட்கார்ந்துவிட வேண்டும். நேரம் தவறக் கூடாது. கடைசி வாசல் மோகன்குமாருடையது. அங்கே ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நிறைந்திருந்தது. வாசலை அடைத்துக் கோலம். அயர்லாந்துப் பையன் வீடியோ காலில் பார்ப்பதற்காகப் போனுக்கு ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார்கள்.

சப்பரம் மாரியாத்தாளின் வாசலில் நின்றது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை வைத்து, பூசாரி தேங்காய் உடைத்துத் தீபாராதனை காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தப்பு அடிக்கிறவர் நகர்வதற்கான அடியை ஆரம்பித்தார்.

"இருங்க சாமி" என்றாள் மாரியாத்தாள். "ஒண்ணு ஆச்சு. அது எங்கூட்டுக்காரருக்கு. அடுத்தது கதிர்வேலுக்குங்க."

லோகப்பிரியா இரண்டாவது தட்டோடு வந்து நின்றாள். புதுத் தேங்காய், புதுப் பழம், புதுக் கற்பூரம். பூசாரி தட்டைப் பார்த்தார். மாரியாத்தாளைப் பார்த்தார். பிறகு, இது தன் சம்பளத்துக்கு மேற்பட்ட விஷயம் என்று புரிந்து மோகன்குமாரைப் பார்த்தார்.

"என்னங்க அக்கா இது?"

"தலைக்கு ஒண்ணுன்னு ஐயாதானுங்க சொன்னாங்க. ரெண்டு வரி கட்டியிருக்கறோம். ரசீது நீங்க கிழிச்சதுதான்."

"வாசல் ஒண்ணுதானுங்களே அக்கா!"

"அதத்தானுங்க தம்பி நான் மொதல்லயே சொன்னேன். நீங்கதான் இல்லைன்னீங்க."

சந்து முழுக்கச் சிரிப்பு. மோகன்குமாருக்குக் காது சிவந்தது. "அடிங்கப்பா தப்பை, போலாம்" என்று திரும்பியவர், பக்கத்து வாசலைப் பார்த்தார். அங்கே பங்காரு மூன்று தட்டோடு நின்றிருந்தாள். அவள் பெரிய பவுண்டரியில் டிபன் கேரியர் கழுவுகிறவள். "எங்கூட்ல மூணு தலைங்க. அவசரமில்லீங்க, முடிச்சுப்போட்டே வாங்க" என்றாள். அதற்கு அடுத்த வாசலிலும் தட்டு. அதற்கு அடுத்ததிலும். சந்தின் முனை வரைக்கும் மஞ்சள் பூசிய தேங்காய்கள் வரிசையாகக் காத்திருந்தன.

"இது இந்த வருசத்துதுங்க" என்றாள் மாரியாத்தாள். "போன நாலு நோம்பியில எங்களுக்கு வரவேண்டிய நாலு நிப்பு தனியா இருக்குது. அதையும் பாத்துச் செய்யுங்க."

"தூக்குங்கடா!" என்றார் மோகன்குமார்.

சப்பரம் தூக்குகிற தோளெல்லாம் லைன் வீட்டுத் தோள். மெயின் ரோட்டுப் பையன்கள் வழக்கமாக வீடியோ எடுப்பார்கள். முன் கட்டையில் இருந்த கௌதமன் மிகவும் பணிவாகச் சொன்னான்: "தோளு வலிக்குதுங்க அண்ணா. கடையிலயும் நிக்கறேன், இங்கயும் நிக்கறேன். செத்த எறக்கி வெச்சுக்கறமுங்க." சப்பரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். ஆத்தாள் வேப்பமர நிழலில் சொகுசாக நின்றாள். "ஆள் மாத்தறதுன்னா மாத்திக்கங்க அண்ணா. நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்."

மோகன்குமார் தன் பக்கத்து ஆட்களைப் பார்த்தார். ஒருவருக்கு இடுப்பில் பெல்ட். ஒருவருக்குப் பட்டுச் சட்டை. இன்னொருவர் அயர்லாந்துடன் பேசிக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த வரதராஜுலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கடுத்தது. "சாமி காரியத்துல வெளையாடாத மாரியாத்தா."

"வெளையாடறதுன்னா வரி கட்டாம வெளையாடியிருப்பனுங்க ஐயா." அவள் குரல் இப்போது சத்தமாக இல்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது. "வாங்கறப்ப மூணு தலைங்கறீங்க. குடுக்கறப்ப ஒரு வாசலுங்கறீங்க. ரெண்டுல எதோ ஒண்ணைச் சொல்லிப்போடுங்க. தலைன்னா தலை, வாசல்னா வாசல். கவர்மெண்டு இப்புடி வாங்கறப்ப நாங்க யார்கிட்டப் போய் நிக்கறது? வாசப்படி தெரியலீங்க. உங்க வாசப்படி தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

"மணி ஆகுதுங்க" என்றார் பூசாரி. "அப்பறம், இத்தனை தேங்காய்க்குக் கற்பூரம் பத்தாதுங்க."

"உனக்கு இப்ப என்னதான் வேணும்?" என்றார் வரதராஜுலு.

"பூவோட்டுக்கு எம்பேரை எழுதோணும். எம்பையன் காலுக்கு நேர்ந்தது. அது ஆத்தாளுக்கும் எனக்கும் உள்ள பேச்சு. அதுல வரிய வெச்சு மறிக்கப்படாது."

"நிலுவை இருக்குதுங்களே ஐயா" என்றார் மோகன்குமார். "மொறைன்னு ஒண்ணு..."

"எங்களுது ஒண்ணு நிலுவை. உங்களுது நாலு நிலுவை" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அங்கப்பன். தான்தான் பேசினோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல, பயந்து போய், "ஏனுங்க" என்று கடைசியில் மரியாதையைச் சேர்த்துக்கொண்டார்.

வரதராஜுலு ஒரு நிமிஷம் சப்பரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், தட்டு வரிசையைப் பார்த்தார். "எழுது மோகன்."

"ஐயா, மொறை..."

"மொறைப்படிதான்டா சப்பரம் இங்கயே நிக்குது. எழுதித் தொலை."

மோகன்குமார் எழுதினார். பேரை எழுதி முடித்து நிமிர்ந்ததும், "அப்ப பழைய நாலையும் கழிச்சுக்கறேன், ஆத்தாளே நடந்து களைச்சிருப்பா" என்றாள் மாரியாத்தாள். "இந்த வருசத்துது மட்டும் ஒடைச்சுப் போடுங்க சாமி. கட்டினது ரெண்டு. ரெண்டு போதும்."

பூசாரி கதிர்வேலுக்கு ஒரு தேங்காய் உடைத்தார். பங்காருவுக்கு மூன்று. சந்தின் முனை வரைக்கும் உடைத்துக்கொண்டே போனார். இத்தனை வருஷத்தில் ஆத்தாள் லைன் வீட்டுச் சந்தில் அவ்வளவு நேரம் நின்றதில்லை. மெயின் ரோட்டுக்குப் போனபோது தப்புக்காரர் ஓட்டமாக அடிக்க வேண்டியதாயிற்று. மோகன்குமார் வாசலில் சப்பரம் நிற்கத்தான் நின்றது. ஒறம்பரை கும்பிடக் கையைத் தூக்குவதற்குள் கிளம்பிவிட்டது. அயர்லாந்துப் பையனுக்குச் சப்பரத்தின் முதுகுப் பக்கம் நன்றாகத் தெரிந்ததாம்.

பொழுது சாயும்போது பூவோடு எடுத்தார்கள். மஞ்சள் சேலை, ஈரத் தலை, கையில் வேப்பிலை விரித்து அதன் மேல் சட்டி. சட்டிக்குள் நெருப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பக்தி இருந்தால் சுடாது என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாரியாத்தாளுக்குச் சுட்டது. சூளையில் இருந்து கோர் எடுத்து எடுத்துக் காய்த்துப்போன கைக்கே சுட்டது. அவள் கையை மாற்றவில்லை. முன்னால் குடத்தோடு ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டு கதிர்வேல் போனான். அவள் நெருப்பைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஈர ரோட்டில் அவன் இரண்டு பாதமும் மாறி மாறிப் பதிவதை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"தண்ணிய ஒழுங்கா ஊத்துடா, தூங்குமூஞ்சி" என்றாள்.  அவன் குடத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தான்.

கோயில் திருப்பத்தில் கூட்டத்தை மறித்துக் கயிறு பிடித்து நின்றிருந்த மோகன்குமார், பூவோட்டு வரிசை மெதுவானதைப் பார்த்து, அவள் பக்கம் குனிந்தார். காலையில் நடந்ததை அவர் இன்னும் விழுங்கியிருக்கவில்லை.

"அக்கா, எல்லாம் நல்லபடியா நடந்துருச்சு. அந்த மூணாவது வரிய மட்டும் அடுத்த வாரமாச்சும்..."

மாரியாத்தாள் நின்றாள். நெருப்பு அவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் இருந்தது.

"தம்பி, கையில நெருப்பு இருக்கறப்பவா கேக்கறீங்க?"

மோகன்குமார் கயிற்றைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார். அவள் கடந்து போகையில், திரும்பாமலே சொன்னாள்:

"அடுத்த கூட்டத்துக்கு வாரேன். குழாய்ப் பக்கம் நிக்க மாட்டேன். ஜமக்காளத்தை இன்னும் ரெண்டு சேத்திப் போட்டு வையுங்க, சந்துக்காரீக அல்லாரும் வாராங்க."